டெல்பிக்கென்று வைத்த முட்டை

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலைத் திருப்பலிக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள், நான் வருஷாவருஷம் செய்து விற்கிற ஈஸ்டர் முட்டைக்குச் சொல்லிவிட்டார்கள். தவக்காலம் இன்றைக்குத்தான் தொடங்குகிறது, ஜனங்களின் நாக்கு அதற்குள் ஈஸ்டருக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ரோஸ்லெட் அக்கா, "இம்மா, போன வருஷம் மாதிரி கடைசி நேரத்துல இல்லன்னு கைய விரிச்சிராத. எங்க மதினி வீட்டுக்கும் சேத்து வச்சுக்கோ" என்றாள். இம்மாகுலேட் என்று என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுகிறவர் இந்தத் தூத்துக்குடியில் பங்குச்சாமியார் ஒருவர்தான்.

கடையில் விற்கிற சாக்லேட் முட்டை எங்கள் தெருவில் எடுபடாது. முந்திரியைப் பொடித்து, சீனியும் முட்டை வெள்ளையும் ரோஸ் வாட்டரும் சேர்த்துக் கிளறி, அச்சில் பாதி பாதியாக அழுத்தி ஒட்டி, மேலே ஐசிங்கில் பூ வைத்துப் பெயர் எழுத வேண்டும். பூவும் பெயரும் என் மகள் டெல்பியின் வேலை. டெல்ஃபினாவுக்குப் பத்து வயதுதான். ஆனால் ஐசிங் பிழிகிற பைப்பிங் கவரைப் பிடித்தால் கை அசையாது. நான் வைக்கும் ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும்.

தவக்காலத்துக்கு எதை விடப்போகிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"மிட்டாய், கேக், ஐஸ்க்ரீம் எல்லாம். ஈஸ்டர் அன்னைக்கு முத முட்டை எனக்குத் தரணும் மம்மி. என் பேரு போட்டது."

சரி என்றேன். என் வீட்டுக்காரர் டீயை விடுகிறாராம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன் டீ இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார், பார்க்கலாம். நான் கோபத்தை விடுவதாக வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 27

குளியலறையில் எறும்பு. மருந்து போட்டும் திரும்ப வருகிறது. சீனி மூட்டை வந்து இறங்குகிற வீட்டில் எறும்புக்கு என்ன குறை.

டெல்பி படுக்கையை நனைத்துவிட்டாள், மூன்றாவது தடவையாக. பத்து வயதுப் பிள்ளை! படுக்கப்போகும்போது குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தால் வேறென்ன ஆகும்? இனி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் கிடையாது என்று சொல்லி, குடத்தை அடுக்களையில் வைத்துப் பூட்டினேன். "தொண்டை காயுது மம்மி" என்று கதவுக்கு வெளியே நின்றாள். வெயில் காலம், எல்லாருக்கும்தான் காய்கிறது.

மார்ச் 4

முந்திரி வந்தது. உடைசல் அதிகம். பொடிக்கப்போகிற முந்திரிக்கு முழுசு எதற்கு என்று கடைக்காரர் கேட்கிறார். அது சரிதான், ஆனால் விலையை மட்டும் முழுசுக்குப் போட்டிருக்கிறார்.

டெல்பியின் பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தி அனுப்பினேன். ரோஸ்லெட் அக்கா பார்த்துவிட்டு, "என்னட்டி பிள்ள இப்படி இத்துப்போய்க் கிடக்கு? ஒரு டாக்டர்ட்ட காட்டேன்" என்றாள். வளர்கிற பிள்ளை, உயரம் போடும்போது சதை வற்றும் என்று சொன்னேன். என்றாலும் மனசு கேட்கவில்லை. சத்துக்கு என்று காலையும் மாலையும் பேரீச்சம்பழமும் திராட்சை ஜூஸும் கொடுக்கிறேன். தவக்காலம் என்று மறுத்தாள். இது மிட்டாய் இல்லை, மருந்து என்று குடிக்கவைத்தேன்.

மார்ச் 9

ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

மார்ச் 12

வார்டில் இருந்து எழுதுகிறேன். டெல்பி கண் விழித்துப் பேசுகிறாள். வியாழக்கிழமை காலையில் வாந்தி எடுத்தவள் மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு வாடை. இவர்தான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடச் சின்ன வயது இருக்கும். எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னாள்.

"பெரியவங்களுக்கு வர்ற சுகர் இல்ல இது. பாப்பாவுக்கு உடம்புல இன்சுலின் சுரக்கறது நின்னுபோச்சு. வெளிய இருந்துதான் குடுக்கணும்."

"எத்தன நாளைக்கு டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"ஆயுள் பூரா."

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, டெல்பி அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலும் இவர் வீட்டிலும் யாருக்கும் சுகர் கிடையாது என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். தின்ற இனிப்பாலும் வருவதில்லையாம். பிறகு எதனால் என்று கேட்டால் கையை விரிக்கிறாள். காரணம் தெரியாதவளுக்கு ஆயுள் பூரா என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?

டெல்பி எழுந்ததும், "எப்ப மம்மி ஊசிய நிப்பாட்டுவாங்க?" என்றாள். ஈஸ்டருக்குள் சரியாகிவிடும் என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

மார்ச் 13

நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். பேனா மாதிரி இருக்கிறது. திருகி, தொடையிலோ வயிற்றிலோ குத்தி, அமுக்க வேண்டும். இவர் ஊசியைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார். நூறடி உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்குகிற ஆள். நான்தான் போட்டேன். டெல்பி ஒரு தடவை பார்த்ததும் கற்றுக்கொண்டாள்.

"ஊசி போட்டா கட்டாயம் சாப்பிடணும். போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சீனி இறங்கிரும். வேர்க்கும், கை நடுங்கும். உடனே குளுக்கோஸ் வாயில போட்டுக்கணும். என்ன?" என்று நர்ஸ் அவளிடமே சொன்னாள். டெல்பி திருப்பிச் சொன்னாள். சீனி கூடின பிள்ளைக்குச் சீனி கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன வைத்தியமோ.

மார்ச் 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரோஸ்லெட் அக்கா கஞ்சியோடு வந்து வாசலிலேயே, "என்ன காய்ச்சல்னு சொன்னாங்க?" என்றாள். டைபாய்டு என்று சொல்லிவிட்டேன். அது அப்படியே தெருவுக்குப் போய்விட்டது, பள்ளிக்கும் போய்விட்டது. நல்லதுதான்.

இவருக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு மறைக்கணும்? பிள்ள கொலையா செஞ்சிட்டு?" என்கிறார்.

"பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். இப்பவே ஊர் முழுக்கத் தெரிஞ்சா எவன் வருவான்?"

"பத்து வயசுட்டி அவளுக்கு."

ஊரார் வாய்க்கு வயது கணக்கு உண்டா? ஊசிப் பேனாவை ஃப்ரிட்ஜில் முருங்கைக்காய்க்கு அடியில் வைத்திருக்கிறேன். பள்ளியில் ஊசி போட வேண்டாம் என்பதற்காகக் காலையும் இரவும் மட்டும் போடும்படி டாக்டரிடம் கெஞ்சி வாங்கிவந்தேன். டாக்டரம்மாவுக்கு அது திருப்தியில்லை. "அப்ப ஸ்கூல்ல ஒருத்தருக்காவது தெரியணும்மா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 24

முட்டை வேலையை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றார் இவர். வீடு முழுக்க முந்திரியும் சீனியுமாகக் கிடந்தால் பிள்ளைக்கு ஆசை வராதா என்கிறார். எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறவள் திடீரென்று இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். டைபாய்டு போன பிறகும் ஏன் என்பார்கள்.

முந்திரியைத் துடைத்து வெயிலில் போட்டேன். டெல்பியை அடுக்களைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்க்கிறாள்.

மார்ச் 27

நானே பூ வைத்துப் பார்த்தேன். முட்டைக்கோஸ்தான். டெல்பி வந்து என் கையிலிருந்து கவரை வாங்கி மாதிரிக்கு ஒரு பூ வைத்தாள். மல்லிகை, இலையோடு. பூ வேலையை அவளே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தேன். விரலை முகர்ந்தேன். "நான் நக்கல மம்மி" என்றாள். பார்ப்பது என் கடமை.

மார்ச் 30

ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட குளுக்கோஸ் பொட்டலம் பாதி காலி!

டெல்பியின் பள்ளிப் பைக்குள், ஜாமெட்ரி பாக்ஸில், பேப்பரில் மடித்து வைத்திருந்தாள். திருட்டுத்தனம் எங்கே கற்றாள்? கேட்டதற்கு, "பி.டி. பீரியட்ல கை நடுங்குச்சு மம்மி. ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்ன மாதிரி வாயில போட்டுக்கிட்டேன்" என்கிறாள். நாலு நாள் இப்படி நடுங்கியதாம்.

"ஆசைக்குத் தின்னுட்டு நர்ஸ் மேல பழியப் போடாத."

"நெசமா மம்மி."

"ஈஸ்டருக்குள்ள சரியாகணுமா வேண்டாமா?"

மீதிக் குளுக்கோஸை வாஷ்பேசினில் கொட்டிக் கழுவிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து களைத்து வருகிற ஆளிடம் இதையெல்லாம் எதற்கு?

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

குருத்தோலைப் பவனி. வெயிலில் டெல்பி வாடிப்போனாள். கோயில் முடிந்ததும் யாரோ பிள்ளைகளுக்குப் பன்னும் ரஸ்னாவும் கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் விழுந்தடித்துக்கொண்டு வாங்க, டெல்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரோஸ்லெட் அக்கா வற்புறுத்தினாள்.

"வேண்டாம் ஆன்ட்டி. தவக்காலத்துக்கு விட்டிருக்கேன்."

"பாத்தியா இம்மா, உன் பிள்ளைய! கன்னியாஸ்திரி ஆயிருவா போல" என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பக்கத்தில் நின்றவர்களும் மெச்சினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டெல்பி என்னைப் பார்த்த பார்வை மட்டும் சரியில்லை. வெயில் களைப்பு.

ஏப்ரல் 4

கிளறினேன். அடி பிடிக்காமல், உருளியை விட்டுப் பந்தாகச் சுருண்டு வரும்வரை கை ஓயக்கூடாது. தோள் விட்டுப்போனது. வீடு முழுக்க ரோஸ் வாட்டர் மணம். டெல்பி ஜன்னல் பக்கம் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்குப் பாடம் படித்தாள்.

ஏப்ரல் 5

அச்சில் அழுத்தி, காயவைத்து, ஒட்டியாயிற்று. சாயங்காலம் முழுக்க டெல்பி பூ வைத்தாள். கடைசியாக ஒரு முட்டையை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். டெல்ஃபினா என்று முழுப்பெயர். சுற்றிலும் சின்னச் சின்ன நீலப் பூ. மற்ற எதற்கும் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

"இது எனக்கு. ஊசி போட்டுட்டுச் சாப்பிட்டா ஒண்ணு சாப்பிடலாம்னு சிஸ்டர் சொன்னாங்க. முழுசு வேண்டாம், பாதி."

பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். மத்தியானம் கோயில் கஞ்சி. சிலுவைப் பாதையில் இவர் அழுதார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது டெல்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கழிச்சு ஈஸ்டர்லா மம்மி?" என்றாள். ஆமா என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 8, சனி, காலை

இன்றைக்கு எல்லா முட்டைகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒரு பொட்டு இனிப்புகூட இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். மீதிச் சீனியை டப்பாவோடு ரோஸ்லெட் அக்காவிடம் கொடுத்தேன். நாளைக்குப் பாயசத்துக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டாள். உருளி, அச்சு, கவர் எல்லாம் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

டெல்பியின் முட்டையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் விட்டுப்போக மனசில்லை. "நீங்க வந்ததும் தாறீங்களா?" என்று கேட்டாள். வந்ததும் தருகிறேன் என்றேன். இவர் சாயங்காலம்தான் வருவார். ஆட்டோ வந்துவிட்டது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

ஆஸ்பத்திரி. டெல்பி நன்றாக இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று சுற்றி முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. கடைசி வீட்டில் ஒரு அம்மா, பேரன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான், இன்னொரு முட்டை இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. உதிர்ந்த பூவைச் சரிசெய்யப் பையில் ஒரு கவரில் வைத்திருந்த மீதி ஐசிங் முழுவதையும் பிழிந்து, பெயருக்கு மேல் ஒரு பெரிய பூவை வைத்து மறைத்துக் கொடுத்தேன். யோசித்துத்தான் கொடுத்தேன். பிள்ளையின் நல்லதுக்கு.

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே டெல்பி வாசலில் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். நான் கூலி கொடுத்து, பாத்திரங்களை இறக்கி உள்ளே போனபோது மூச்சிரைக்க வந்து பையைத் திறந்தாள்.

"என் முட்டை எங்க மம்மி?"

"ஒரு அம்மா கேட்டாங்க, குடுத்துட்டேன். உனக்கு அடுத்த வருஷம்."

"மம்மி, நான் ஊசி..."

"வந்ததும் வராததுமா ஊசிப் பேச்சு! அப்புறம் பேசு. குளிச்சிட்டுக் கோயில்ல ராத்திரிப் பூசைக்குக் கிளம்பணும்."

குளித்தேன். தலையை உலர்த்தினேன். சேலைக்கு இஸ்திரி போட்டேன். அவள் அறையில் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கூப்பிட்டதற்கு உள்ளேயிருந்து ஏதோ உளறினாள். போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க வேர்வை. கண் பாதி மூடியிருந்தது. ஏதோ எடுத்துத் தின்றுவிட்டு நடிக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. "என்ன தின்ன? எங்கருந்து எடுத்த?" என்று கேட்டேன். சிரித்தாள், குடித்தவர்கள் சிரிப்பது மாதிரி. கன்னத்தில் தட்டி எழுப்பினேன். தலை சரிந்தது.

அப்போதுதான் தலையணைக்குப் பக்கத்தில் ஊசிப் பேனா கிடந்ததைப் பார்த்தேன். மூடி கழன்றிருந்தது. முட்டை சாப்பிடப்போகிறோம் என்று, நான் வருவதைப் பார்த்ததும் போட்டிருக்கிறாள். நர்ஸ் சொன்னபடி. சாப்பிடுவதற்கு முன்னால்.

அடுக்களைக்கு ஓடினேன். டப்பா இல்லை. உருளி பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது. அலமாரியில் உப்பும் புளியும் இருந்தன. வாசல் வழியாக ரோஸ்லெட் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, சீனி! சீனியக் குடுங்க!"

"என்னட்டி இது, காலைலதான குடுத்த?"

"பிள்ளைக்குக்கா! சீக்கிரம்!"

"காய்ச்சக்காரப் பிள்ளைக்குச் சீனி எதுக்கு?"

"காய்ச்சல் இல்லக்கா! சுகரு! டெல்பிக்குச் சுகரு!"

தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பூசைக்குக் கிளம்பியவர்கள் வாசலுக்கு வந்தார்கள். டப்பாவை எடுத்து வந்த அக்கா அதை என்னிடம் தராமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சுகர்னா சீனி குடுக்கக் கூடாதுல்லா? உனக்கென்ன கிறுக்கா?"

ஒரு மாதமாக நான் நினைத்ததைத்தான் அவள் சொன்னாள். அவள் கையை விலக்கி, டப்பாவைப் பறித்துக்கொண்டு ஓடினேன். சீனியைத் தண்ணீரில் குழைத்து டெல்பியின் கன்னத்துக்கு உள்பக்கம் விரலால் தேய்த்தேன். பல் கிட்டியிருந்தது. ரோஸ்லெட் அக்கா பின்னாலேயே வந்து, ஒன்றும் புரியாமல், பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே செபமாலை சொன்னாள். அப்போதுதான் இவர் வந்து சேர்ந்தார். பிள்ளையை அவர் மடியில் போட்டுக்கொள்ள, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற, தூங்கி எழுகிற பிள்ளை மாதிரி கண்ணைத் திறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தவள் டெல்பியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வீட்டில் குளுக்கோஸ் இல்லையா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன்.

இன்று காலையில் நர்ஸ் முகம் துடைத்துவிட்டபோது, "கன்னத்துல என்ன இது, விரல் தடம் மாதிரி?" என்றாள்.

"எழுப்புறதுக்குத் தட்டினேன் சிஸ்டர்" என்றேன்.

"ஆமா சிஸ்டர், எழுப்பத்தான் தட்டுனாங்க" என்றாள் டெல்பி.

"நீதான் நெனவில்லாம கிடந்தியே. உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நர்ஸ்.

டெல்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் துணியை அலசப் போனாள். இவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, மாலை

இவர் டீ வாங்கப் போயிருந்தார். நானும் டெல்பியும் மட்டும். ராத்திரி ஊசி நேரம். பேனாவை எடுத்தேன். இன்றைக்கு ஈஸ்டர், அவள் கேட்கப்போகிறாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்காததால் நானே ஆரம்பித்தேன்.

"டெல்பி, இது இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் போல..."

"எனக்குத் தெரியும் மம்மி. இது போவாது."

"யாரு சொன்னா?"

"டாக்டர் ஆன்ட்டிதான். முத தடவ. டாடி எத்தன நாளைக்குன்னு கேட்டாங்கல்லா, அப்ப நான் முழிச்சிட்டுதான் இருந்தேன்."

"பெறகு ஏன் எங்கிட்ட கேட்ட?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஈஸ்டருக்குள்ளன்னு சொன்னீங்க. நீங்க அழாம இருந்தீங்க. அதான் சரின்னு விட்டுட்டேன்."

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, திருகி, தானே போட்டுக்கொண்டாள். பிறகு இட்லியைக் கேட்டாள்.

ஏப்ரல் 10

வீடு. ரோஸ்லெட் அக்கா ஆப்பமும் கறியும் கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சனிக்கிழம மத்தியானம் பூரா பிள்ள எங்க வீட்டு வாசல்லதான விளையாண்டுக்கிட்டு இருந்தா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? நான் என்ன ஊர்ல போய்த் தமுக்கடிக்கப் போறேனா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. பாத்திரத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். ஒருத்தி, வீட்டில் இனிப்புச் செய்வதால்தான் வந்ததோ என்றாள். இன்னொருத்தி, மூலிகை கொடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றாள். இவர் எழுந்து நின்று, "டாக்டர் பாக்குறாங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இவர் குளுக்கோஸ் பொட்டலங்கள் வாங்கிவந்து, வீட்டில் மூலைக்கு ஒன்றாக வைத்தார். டிவி மேல் ஒன்று, மாதா படத்துக்குக் கீழே ஒன்று. பள்ளிப் பையில் டெல்பியே வைத்துக்கொண்டாள், பழையபடி ஜாமெட்ரி பாக்ஸில். நான் பார்க்கும்படியாகத்தான் வைத்தாள்.

ஏப்ரல் 11

காலை ஊசியை இவர் போட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. டெல்பிதான் அவரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். நான் போட்டால் வலிக்கவே வலிக்காது என்று அவளே ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அப்பாவும் பழகிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 12

முழு ஆண்டுத் தேர்வு. பள்ளியில் சொல்லியே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானே கூட்டிப்போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். டீச்சர், பிள்ளைக்கு ஒரு சின்னப் பிரச்சினை. சின்ன என்று சொல்லலாமா? டைபாய்டு என்று நான்தானே சொன்னேன், அதற்கு என்ன சொல்வது?

வாசல் கேட்டுக்கு வந்ததும் டெல்பி நின்றாள்.

"நீங்க வராதீங்க மம்மி. நானே சொல்லிக்கிடுதேன்."

"உனக்கு எப்படிச் சொல்லணும்னு தெரியுமா?"

"தெரியும்."

பையை என் தோளிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். பாவாடை இடுப்பில் இன்னும் ஊக்கோடுதான் இருக்கிறது. கேட் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய டீச்சர் வராண்டாவில் கேள்வித்தாள் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். டெல்பி போய் எதிரே நின்றாள். டீச்சர் குனிந்தாள். டெல்பி பேசினாள். நான் நினைத்ததைவிட நேரம் எடுத்தது. ஊசி, குளுக்கோஸ், வேர்வை, இதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது. டீச்சர் கட்டைத் தரையில் வைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்தாள். பிறகு அந்தக் கை மெல்ல இறங்கி அவள் கன்னத்தைத் தொட்டது.

டீச்சர் நிமிர்ந்து கேட்டுப் பக்கம் பார்த்தாள்.

நான் வேப்பமர நிழலுக்குத் தள்ளி நின்றுகொண்டேன். வெயில் அதிகமாக இருந்தது.